காட்டுமாடு வந்ததுங்களா? பேசத் தெரியாதவர்களின் காதல் கதைகள்

கோத்தகிரியில் மார்கழி மாதக் காலை ஆறரை மணிக்கு பஸ் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் நேரமாகும். அப்படி ஒரு காலையில் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் நின்றிருந்தேன். ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஓர் இளைஞன் நின்றிருந்தான். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன், எனக்கு முகப் பழக்கம் மட்டும். மூன்று மாதமாக அதே பஸ்ஸுக்கு வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

“ஏங்க, இந்தப் பக்கம் காட்டுமாடு வந்ததுங்களா?”

அவள் சற்று யோசித்தாள். “நேற்று ராத்திரி வந்ததுங்க.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு அவன் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டான்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதில் ஏளனம் இல்லை. அந்தச் ‘சரிங்க’வுக்கும் அதற்கடுத்து அவன் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நம்பியே ஒரு நாவல் வகை உலகெங்கும் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

நாலு பேரோடு கலந்து பழகத் தெரியாத ஒருவர், அவருக்கு ஒரு காதல், காதலோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு குடும்பம், வழியெல்லாம் சிரிப்பு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட நாவல்கள் குவிந்துவிட்டன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது கிரேம் சிம்சியன் 2013இல் வெளியிட்ட ‘தி ரோஸி பிராஜக்ட்’. மெல்பர்னில் மரபியல் பேராசிரியராக இருக்கும் டான் டில்மன், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சமையல் என்று அட்டவணை போட்டு வாழ்கிறவர். செவ்வாய்க்கிழமை என்றால் சிங்கி இறால்தான். மனைவி தேடுவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு: பக்கம் பக்கமாக ஒரு கேள்வித்தாள். புகை பிடிப்பவர்கள், நேரம் தவறுகிறவர்கள் எல்லாரும் அதிலேயே கழிந்துவிடுவார்கள். வந்து சேருகிற ரோஸியோ புகை பிடிக்கிறவள், நேரத்துக்கு வராதவள். அவள் தேடுவது கணவனைக்கூட இல்லை, தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்பதை. பிறரோடு பழகுவதைக் கடினமாக்கும், ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்ஜர் நிலை குறித்து நாவலின் தொடக்கத்திலேயே டான் ஒரு சொற்பொழிவு நிகழ்த்துகிறார். தான் விவரிக்கும் ஆள் தானாகவும் இருக்கலாம் என்பது அவருக்கு உறைப்பதே இல்லை.

இந்தக் கதையைச் சொல்வது டானே என்பதுதான் இதில் உள்ள தொழில் நுட்பம். தன் பேச்சு சிரிப்பு மூட்டும் என்று அறியாத ஒருவர் கதை சொன்னால், அவருக்குத் தெரிந்ததற்கும் நமக்குத் தெரிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அதே இடைவெளியில்தான் பரிவும் புகுந்துவிடுகிறது, ஏனென்றால் நாம் அவர் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் கிறுக்கு. உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் கணக்காக இருக்கிறது. மற்றவர்கள் சொல்லாமல் பின்பற்றும் விதிகளை இவர் மட்டும் சொல்லிப் பின்பற்றுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கெயில் ஹனிமன் 2017இல் எழுதிய எலினார் ஆலிஃபன்டின் கதையில் இந்தக் கத்தி இன்னும் ஆழமாக இறங்குகிறது. எலினார் கிளாஸ்கோ நகரத்து அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிற பெண். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் திங்கட்கிழமை காலை வரை அவளோடு ஒரு மனிதர் பேசுவதில்லை. இதை அவள் ரயில்வே அட்டவணை வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறாள். நமக்குத்தான் தொண்டையை அடைக்கிறது. தெருவில் விழுந்துவிட்ட ஒரு முதியவருக்கு அவளும் உடன் வேலை செய்யும் ரேமண்டும் உதவப்போய், அந்த முதியவரின் வீட்டு விசேஷத்துக்குப் போகும் அளவு பழக்கமாகிறது. காதல் கதை என்று நம்பிப் போகிறவருக்குக் கடைசி வரை காதல் முழுதாகக் கிடைப்பதில்லை. ஆனால் வா என்று கூப்பிட ஒரு வீடு அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த வகை நாவலின் உண்மையான பரிசு அதுதான் என்பது என் கட்சி. முத்தம் வாசகரை வரவழைக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவரை அழவைப்பது சாப்பாட்டு மேசையில் கூடுதலாகப் போடப்பட்ட ஒரு நாற்காலி.

இதன் வேர் பழையது. 1813இல் ஜேன் ஆஸ்டின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் படைத்த டார்ஸியைக் கர்வி என்று ஊர் ஒதுக்கியது. அவனோ, முன்பின் தெரியாதவர்களிடம் சரளமாகப் பேசும் திறமை எனக்கு இல்லை என்கிறான். பியானோ முன் உட்கார்ந்திருக்கும் எலிசபெத் விடுவதாக இல்லை. எனக்கும்தான் வாசிப்பு நன்றாக வராது, ஆனால் அது விரல்களின் குற்றமா, பழகாத என் குற்றமா என்று கேட்கிறாள். பேச்சும் ஒரு கைத்தொழில்தானே என்பது அவள் வாதம். இருநூறு ஆண்டுகளாக இந்த நாவல்கள் அந்த பியானோவைச் சுற்றியே வந்துகொண்டிருக்கின்றன.

தமிழில் இப்படிப்பட்ட ஆளைக் குறிக்க ஒரே ஒரு சொல் கிடையாது. நாம் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். நாலு பேர் முன்னால் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பவன் சங்கோஜி. பேசாமல் இருப்பதையே பேச்சாக வைத்திருப்பவன் உம்மணாமூஞ்சி. வாயைத் திறந்தால் கடிப்பவன் முசுடு. திறந்ததும் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுபவன் வெள்ளந்தி. எது சொன்னாலும் எடக்காகப் போய் முடிகிறவன் அசடு. இவர்கள் எல்லாரையும் கல்யாணம் ஆகாத காரணத்தால் ஒரே மூட்டையில் கட்டினால் ஒண்டிக்கட்டை.

இது வெறும் சொல் விளையாட்டில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. உம்மணாமூஞ்சியின் கதையில் கதாநாயகி அவனைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும். டார்ஸியின் கதை அது. முசுடின் கதையில் பக்கத்து வீட்டார் விடாக்கண்டர்களாக இருக்க வேண்டும். ஃபிரெட்ரிக் பக்மன் 2012இல் ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய ஓவே என்ற கிழவனின் கதை அப்படித்தான்: வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் அவன் வீட்டுத் தபால்பெட்டியை நசுக்கிக்கொண்டு வந்து சேருகிறது ஒரு குடும்பம். அதே ஓவே இளைஞனாக இருந்தபோது ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காருவதற்காகத் தன் ஊருக்கு எதிர்த் திசையில் போகும் ரயிலில் நாள்தோறும் போய் வந்தவன். உண்மையைச் சொல்ல வாய் வராததால் பயணம் செய்து தீர்த்தான். சங்கோஜிக்கும் முசுடுக்கும் நடுவே முப்பது நாற்பது வருடங்கள்தான் இருக்கின்றன என்று அந்த நாவல் காட்டுகிறது. நம் ஊர் முசுடுகளைப் பார்க்கும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அசடின் கதையை நாமே முன்னால் எழுதிவிட்டோம். தேவன் 1940களில் ஆனந்த விகடனில் உலவவிட்ட துப்பறியும் சாம்பு, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து அசடு என்று பெயர் வாங்கியவர். அவர் தடுக்கி விழுந்தால் திருடன் அகப்படுவான். அவருக்கு வேம்பு என்ற மனைவியும் சுந்து என்ற மகனும் உண்டு. ஆனால் காதலைத் தேடி அவர் எங்கும் அலையவில்லை. தமிழ்க் கதையில் அசடுக்கு முதலில் குடும்பம் வந்துவிடுகிறது. நகைச்சுவை அதற்குள்ளே நடக்கிறது.

இங்கேதான் மேற்கத்திய நாவலில் தமிழ் வாசகர் இடறுகிறார். டானின் கேள்வித்தாள் மெல்பர்னில் நகைச்சுவை. ஈரோட்டுத் திருமணத் தகவல் மையத்தில் அது வெறும் விண்ணப்பப் படிவம். நட்சத்திரம், ராசி, உயரம், சம்பளம், சொந்த வீடு, கெட்ட பழக்கங்கள் என்று நாம் கேட்காத கேள்வியா? அதற்கு மேல் பத்துப் பொருத்தம் வேறு. பெண் பார்க்கும் சடங்கு இருக்கிறதே, அது சங்கோஜிகளுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டதோ என்று தோன்றும். கதாநாயகன் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுத் தரையைப் பார்த்தால் போதும். “பையன் அதிகம் பேசமாட்டான்” என்று பெரியப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். லண்டனில் ஊனமாகக் கருதப்படுவது இங்கே ஒழுக்கச் சான்றிதழ் ஆகிவிடுகிறது.

பெண்ணுக்கு அந்தச் சலுகை பாதிதான். அடக்கமானவள் என்று சொல்லும் அதே வாய், திருமணமான ஆறாம் மாதத்தில், “யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறாள்” என்று சொல்லும். தமிழில் எழுதப்படாமல் கிடக்கும் நகைச்சுவை நாவல்களில் பெரும்பாலானவை அந்த ஆறு மாதத்துக்குள் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் அவ்வளவு சிரிப்பானதல்ல. யாராவது சற்று விலகி இருந்தால் ‘ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்’ என்பது நம் வைத்தியம். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று அதே வைத்தியத்தைக் கேலி செய்யும் பழமொழியும் நம்மிடமே இருக்கிறது. காதல் வந்தால் கூச்சம் பறந்துவிடும் என்று முடிக்கும் மேற்கத்திய நாவல்களும் செய்வது இந்தக் கால்கட்டு வேலையைத்தான், கொஞ்சம் நாகரிகமாக. அந்த வகையின்மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுவே. முதல் அத்தியாயத்தில் நம்மைச் சிரிக்கவைத்த பழக்கங்களையெல்லாம் கடைசி அத்தியாயத்தில் நோய் தீர்வதுபோலத் தீர்த்துவிட்டால், அதுவரை நாம் சிரித்தது எதற்கு?

ஹெலன் ஹோவாங் 2018இல் எழுதிய ‘தி கிஸ் கோஷன்ட்’ இந்தப் பள்ளத்தில் அதிகம் விழாததற்குக் காரணம் உண்டு. தனக்கு ஆட்டிசம் இருப்பதை வயது வந்த பிறகே அறிந்துகொண்ட எழுத்தாளர் அவர். அவருடைய கதாநாயகி ஸ்டெல்லா, புள்ளிவிவரக் கணக்குகளில் கெட்டிக்காரி. காதலனின் வியட்நாமியக் குடும்பத்தோடு சாப்பிட உட்காருகிற இடம்தான் நாவலிலேயே எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக்கிய உணவு உடம்புக்குக் கெடுதல் என்று, சமைத்த தாயின் எதிரிலேயே சொல்லிவிடுகிறாள். அவள் சொன்னது சரி. சொல்லியிருக்கக் கூடாது என்பதும் சரி. ஒரு மருமகள் நம் வீட்டுச் சமையலறையில் நின்று இதையே சொன்னால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காதலனிடம் தடுமாறினால் மன்னிப்பு உண்டு. மாமியாரின் பாத்திரத்தில் குறை கண்டால்தான் கதை சூடு பிடிக்கிறது.

காதலிக்கப் பேச்சுத் திறமை வேண்டும் என்பதே சமீபத்து எண்ணம்தான். நம் அகப்பாட்டு அப்படி எதிர்பார்க்கவில்லை. தலைவனுக்குப் பாங்கன், தலைவிக்குத் தோழி, இடையில் பாணன் என்று பேசிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இப்படித் தூது போகிறவர்களுக்கு வாயில்கள் என்றே பெயர். குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும், உரிப்பொருள் புணர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தக் குறிஞ்சிக் காதலன் முதல் சந்திப்பில் என்ன பேசுகிறான் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், தொண்ணூற்றொன்பது பூக்களைப் பறித்துக் குவித்துவிட்டு இருக்கும் பெண்களை அவனுடைய நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. நாய்களை அடக்கிவிட்டு வந்து நிற்கும் அந்த வீரன் கேட்பது: என்னிடமிருந்து தப்பிய விலங்கு ஏதாவது இந்தப் பக்கம் வந்ததா? பெண்கள் பதில் சொல்லவில்லை. விலங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் போகட்டும், என்னோடு ஒரு வார்த்தை பேசினால்தான் என்ன பழி வந்துவிடும் என்று அடுத்துக் கேட்கிறான்.

தொலைந்ததைப் பற்றிக் கேட்கும் இந்தச் சாக்குக்குக் கெடுதி வினாதல் என்று பெயரே இருக்கிறது. பிற்காலத்தில் மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இது வரிசையாகவே வளர்ந்துவிட்டது: வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல். யானையைக் கேட்டான், மானைக் கேட்டான், வழியைக் கேட்டான், ஊரைக் கேட்டான், கடைசியில்தான் பெயரைக் கேட்கும் தைரியம் வந்தது. பக்தர்கள் இதற்கு உயர்ந்த பொருள் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு அதில் தெரிவது, பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் காடு முழுக்கச் சுற்றி வரும் ஒரு சங்கோஜியின் முகம். தோழி அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். தோழிகளுக்கு எந்தக் காலத்திலும் அதுதான் வேலை.

கோத்தகிரிப் பையன் திருக்கோவையார் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இந்த ஊரில் காட்டுமாடு நிஜமாகவே தெருவில் நிற்கும். கரடி இரவில் கடைப்பக்கம் வரும். இரண்டாயிரம் வருடத்துச் சாக்கு இங்கே இன்னும் செல்லுபடியாகிறது. சமவெளியில் ஒருவன் அதையே கேட்டால் பெண் ஓடிவிடுவாள்.

தமிழில் இந்த வகை நாவல் வேர் பிடிக்க ஓர் ஊர் தேவையென்றால் அது மலை ஊராகத்தான் இருக்கும் என்று நான் சொல்வதற்கு, காட்டுமாடு மட்டும் காரணமல்ல. டானும் எலினாரும் கதையாவதற்கு முதல் நிபந்தனை தனிமை. சமவெளியில் நம்மை யாரும் தனியாக விடுவதில்லை. சித்தப்பா ஒருவர் எப்போதும் வந்துவிடுவார். மலைக்கு வருகிறவர்கள்தான் உறவைக் கீழே விட்டுவிட்டு வருகிறார்கள். வங்கிக்கு மாற்றலாகி வருகிறவர், விடுதிப் பள்ளிக்கு வரும் ஆசிரியை, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வரும் நர்ஸ், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வரும் விஞ்ஞானி. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள், அண்ணனை அங்கே விட்டு அக்காளை இங்கே கூட்டிவந்தவை. அவர்களுடைய பிரிவு நகைச்சுவைக்குரியதல்ல. ஆனாலும் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்தில் இருப்பவரைப் ‘பெரியம்மா’ ஆக்கிக்கொள்ளும் கலை அவர்களிடமிருந்துதான் இந்த மலைக்கு நன்றாகப் பரவியது என்பது நான் பார்த்தது.

மலையின் மண்ணின் மக்களுக்கு இது பொருந்தாது. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ காட்டும் படுகர் ஊரில் உறவில்லாத ஆளே கிடையாது. நான் சொல்வது அந்த ஊர்களைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களைப் பற்றி. சினிமா காட்டும் ஊட்டி மூன்றாவது வகை: சீசனுக்கு வந்து, படகில் ஏறி, பாட்டு முடிந்ததும் இறங்கிப் போய்விடுகிறவர்களின் ஊட்டி.

காதல் நாவலாசிரியர்கள் நாயகனையும் நாயகியையும் ஒதுங்க வேறிடம் இல்லாத ஓர் இடத்தில் அடைத்துவைக்கப் படாத பாடு படுவார்கள். பனிப்புயல் வரவேண்டும், லிஃப்ட் நின்றுபோக வேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் மலைப்பாதை அடைந்துவிடும். நாற்பது பேர் ஒரு பஸ்ஸுக்குள் மூன்று மணி நேரம். 1908இல் ஊட்டியை எட்டிய மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்த எந்த உம்மணாமூஞ்சிக்கும் அது போதுமான அவகாசம். மண் சரிந்து பஸ் நின்ற ஒரு நாள், பக்கத்து இருக்கையில் இருந்தவர் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து, எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. மூன்று எடுத்தேன். அவர் திரும்பாமலேயே பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். தமிழில் எழுதப்படும் முதல் காட்சி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் வசனம் இருக்காது.

எனக்கு இதைச் சொல்லும் உரிமை உண்டு. முப்பது வருடத்துக்கு முன் மாற்றலில் இந்த ஊருக்கு வந்தபோது நானும் ஓர் ஒண்டிக்கட்டை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா, இந்தப் பக்கம் நான். தினமும் இரவு “சாப்பிட்டாயா?” என்று குரல் வரும். “ஆயிற்றம்மா” என்பேன். பெரும்பாலும் பொய், ரொட்டியும் வாழைப்பழமும்தான். பதினோரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் அவர் தட்டோடு வந்து கதவைத் தட்டினார். “இத்தனை மாதத்தில் உன் பக்கம் ஒரு நாளாவது கடுகு வெடித்த சத்தம் கேட்கவில்லை. எதைத்தான் தாளித்துத் தின்கிறாய்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு என் மனைவியாக இருப்பவரை எனக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான்; அந்தக் காலத்து வாயில்.

ஜெயகாந்தன் 1973இல் நூலாகத் தந்த ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் ஹென்றியை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பலகைத் தடுப்பு நினைவுக்கு வரும். வளர்த்த அப்பாவின் ஊரைத் தேடி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, ஊரையே உறவாக்கிக்கொண்டவன். ஹென்றியிடம் கூச்சமே இல்லை, அதனால் இந்த வகையில் அவன் சேரமாட்டான். என்றாலும் கல்யாணம் இல்லாமலே ஒருவனுக்குக் குடும்பம் கிடைக்க முடியும் என்று தமிழில் அழகாகச் சொன்ன நாவல் அது. எலினாரைப் படித்தவர்கள் ஹென்றியையும் படிக்கலாம்.

பஸ் நிறுத்தக் கதை அப்படியே நிற்கிறதே என்று கேட்பீர்கள். தமிழில் ‘வரவில்லை’ என்ற சொல்லுக்கு ஆண், பெண், பன்மை, மாடு, மனிதர் என்ற பேதம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஜலதோஷம் பிடித்து இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் காலை, தலையில் குல்லாவும் கழுத்தில் மஃப்ளருமாக வந்து தன் இடத்தில் நின்றான். இந்த முறை அவள்தான் நாலடி நடந்து வந்தாள்.

“இரண்டு நாளாக வரவில்லையே?”

அவன் நிமிர்ந்து பார்த்து, மிகுந்த அக்கறையோடு பதில் சொன்னான்.

“வந்ததுங்க. மேல் வளைவில்தான் நின்றிருந்ததாம். கூடவே கன்றுகூட இருந்ததாம்.”

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சிரித்தாள், ஏனென்று அவனுக்குத் தெரியவில்லை. பனிக்குள் எங்கோ பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.